குழாய் வளைவு எவ்வளவு தாங்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் கோணத்தில் படிக்கும் பாலிடெக்னிக் பையன்கள், மார்த்தாண்டம் வட்டாரத்து முந்திரி ஆலைகளில் பாய்லர் பார்ப்பவர்கள், வளைகுடாவுக்கு ஃபிட்டராகப் போகக் காத்திருப்பவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். குழாய் அமைப்புகளுக்கு ஸ்ட்ரெஸ் கணக்குப் போடுவதுதான் என் தொழில். வசதிக்காக ஒரு ஏற்பாடு: ‘அழுத்தம்’ என்று எழுதினால் இரும்புச் சுவருக்குள் உண்டாகும் ஸ்ட்ரெஸ், ‘பிரஷர்’ என்றால் குழாய்க்குள் இருக்கும் ஸ்டீமோ தண்ணீரோ தள்ளுவது. எல்போ (குழாயைத் திருப்பும் வளைந்த துண்டு) ஒன்றின் வெளிப்புற வளைவை முதுகு என்றும், உள்புறத்தை வயிறு என்றும், இரண்டு பக்கவாட்டையும் விலா என்றும் கீழே எழுதியிருக்கிறேன்.

ஒரே இரும்பு, ஒரே தடிமன். நேர்க்குழாய் தாங்குவதை எல்போ ஏன் தாங்காது?

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் ஹோஸை வளைத்துப் பாருங்கள். முதலில் வட்டமாக இருந்த வாய் முட்டை வடிவத்துக்குப் போகும். இன்னும் வளைத்தால் ஓரிடத்தில் சட்டென்று மடிந்துவிடும். இரும்புக் குழாயிலும் இதேதான் நடக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில்.

நேர்க்குழாயில் இந்தச் சப்பையாதல் மெதுவாக வரும். ஏற்கெனவே வளைந்த குழாயில், வளைக்கும் விசை வந்த உடனேயே தொடங்கிவிடும். முதுகில் ஓடும் இழுவிசையும் வயிற்றில் ஓடும் அமுக்குவிசையும் நேர்கோட்டில் இல்லாமல் வளைந்து போவதால், இரண்டும் சேர்ந்து குழாயின் வட்டத்தை நசுக்குகின்றன. வட்டம் சப்பையானால் வளைவு இளகும், சுவரிலேயே சுற்றுவாக்கில் ஒரு தனி வளைவு அழுத்தம் உருவாகும். இதை 1911இல் கணக்காக எழுதிக் காட்டியவர் பொறியியல் அறிஞர் தியோடர் வான் கார்மான். நேர்க்குழாயும் ஒரு கட்டத்தில் இப்படி மடியும் என்று 1927இல் காட்டியவர் பிரேசியர். இன்று நாம் பயன்படுத்தும் விதிகளுக்கெல்லாம் அடி அங்கேதான் இருக்கிறது.

ஒன்று கவனியுங்கள். இளகுவது கெட்டது மட்டும் அல்ல. சூட்டில் நீளும் குழாய்க்கு இடம் கொடுப்பதும் இந்த இளக்கம்தான். ஸ்டீம் லைனில் வேண்டுமென்றே ‘லூப்’ (நேராகப் போகாமல் வளைத்துச் சுற்றிக் கொண்டுபோவது) போடுவது அதற்காகத்தான்.

கணக்கு எப்படிப் போடுவது? ஒரு உதாரணம் சொல்ல முடியுமா?

எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு எண் வேண்டும். சுவரின் தடிமனை வளைவின் ஆரத்தால் பெருக்குங்கள். குழாயின் சராசரி ஆரத்தின் வர்க்கத்தால் வகுங்கள். வருவதை வளைவு எண் என்று வைத்துக்கொள்வோம். இது சிறியதாக இருந்தால் மெல்லிய சுவர், அல்லது இறுக்கமான வளைவு என்று பொருள். அதாவது சீக்கிரம் சப்பையாகும்.

நம் ஊர்க் கடையிலும் கிடைக்கிற 6 இஞ்சு, ஷெட்யூல் 40 (தடிமன் வகை), லாங் ரேடியஸ் (அகலமாகத் திரும்பும்) எல்போவை எடுப்போம். வெளிவிட்டம் 168.3 மி.மீ., தடிமன் 7.11 மி.மீ., வளைவு ஆரம் 229 மி.மீ., சராசரி ஆரம் 80.6 மி.மீ. வளைவு எண் 0.25 வருகிறது.

எவ்வளவு இளகும் என்பதற்கு 1.65ஐ அந்த எண்ணால் வகுக்க வேண்டும்: 6.6. அதே நீள நேர்க்குழாயைவிட இந்த எல்போ ஆறரை மடங்கு எளிதாக வளையும்.

எவ்வளவு விசையில் சரியும், அதாவது தாங்காமல் சப்பையாகிவிடும் என்பதற்கு, முதலில் நேர்க்குழாயின் பலத்தை எடுக்கிறோம். சராசரி ஆரத்தின் வர்க்கம், தடிமன், எஃகு மீளாமல் உருமாறத் தொடங்கும் அழுத்தம் மூன்றையும் பெருக்கி, அதை 4ஆல் பெருக்க வேண்டும். சாதாரண கார்பன் ஸ்டீலுக்கு அந்த அழுத்தம் 240 மெகாபாஸ்கல் என்று வைத்தால், சுமார் 44 கிலோநியூட்டன் மீட்டர் (வளைக்கும் விசையை அது செயல்படும் தூரத்தால் பெருக்கிய அளவு). எல்போவுக்கு இதில் ஒரு பங்குதான். கலடைன் என்ற ஆய்வாளர் 1974இல் கொடுத்த வாய்பாட்டின்படி வளைவு எண்ணின் மூன்றில் இரண்டு அடுக்கை 0.935ஆல் பெருக்கினால் அந்தப் பங்கு கிடைக்கும்: 0.37. ஸ்பென்ஸ், ஃபிண்ட்லே இருவரும் அதற்கு ஓராண்டு முன் வேறு வழியில் வந்தார்கள், அடுக்கு 0.6, பெருக்கும் எண் 0.8: பங்கு 0.35. ஆக எல்போ சரியும் வளைவு விசை சுமார் 15.5 முதல் 16.5 கிலோநியூட்டன் மீட்டர்.

நேர்க்குழாயில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். வரைபடத்தில் ஒரு சின்னக் கால்வட்டமாகப் போட்டுவிட்டு நகரும் இடத்தில் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது.

இந்த வாய்பாடுகள் சற்றுப் பாதுகாப்பான பக்கம் நிற்பவை. எல்போவின் இரண்டு முனையிலும் ஒட்டியிருக்கும் நேர்க்குழாய் அதைச் சப்பையாக விடாமல் பிடித்துக்கொள்ளும் என்பதை இவை கணக்கில் எடுப்பதில்லை. உள்ளிருக்கும் பிரஷரையும் சேர்த்துக் கணக்கிட இன்று பல வாய்பாடுகள் உண்டு. பாபா அணு ஆராய்ச்சி மையத்துப் பொறியாளர்கள் 2000இல் வெளியிட்டது அவற்றில் ஒன்று.

ஸ்டீம் பிரஷர்தானே எல்போவை உடைக்கிறது?

பெரும்பாலும் இல்லை. பிரஷர் எல்போவின் வயிற்றில்தான் அதிகம் உறைக்கும். லாங் ரேடியஸ் எல்போவில் வயிற்றுப் பக்கம் நேர்க்குழாயைவிட 1.25 மடங்கு, முதுகில் 0.875 மடங்கு. ஷார்ட் ரேடியஸ் (இறுக்கமாகத் திரும்பும் எல்போ) என்றால் வயிற்றில் 1.5 மடங்கு. இப்போது 7 பார் ஸ்டீமை மேலே சொன்ன 6 இஞ்சு எல்போவில் விட்டால் வயிற்றில் வரும் அழுத்தம் 10 மெகாபாஸ்கல்தான். எஃகு தாங்குவது 240. எங்கேயோ இருக்கிறது.

உண்மையான தொல்லை சூடு. 7 பார் ஸ்டீமின் வெப்பம் 170 டிகிரி. காலையில் 30 டிகிரியில் இருந்த 30 மீட்டர் லைன், சூடானதும் சுமார் 50 மி.மீ. நீளும். அந்த 50 மி.மீ. எங்காவது போயாக வேண்டும். இரண்டு முனையையும் இறுக்கக் கட்டியிருந்தால் அது எல்போவைத்தான் வளைக்கும், அல்லது ஃபிளாஞ்சை (போல்ட் போட்ட இணைப்பு) திறந்து, நடுவில் இருக்கும் கேஸ்கெட்டில் ஒழுகும். ‘கேஸ்கெட் மாத்தி மாத்திப் போட்டும் ஒழுகுது’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது கேஸ்கெட்டை அல்ல, குழாயை எங்கே எங்கே கட்டி வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான்.

அப்போ சூட்டால் வரும் விசையையும் அந்த 15 கிலோநியூட்டன் மீட்டரோடு ஒப்பிடலாமா?

கூடாது. பலரும் குழம்பும் இடம் இது.

சுமைகள் இரண்டு வகை. குழாயின் எடை, தண்ணீர் தள்ளும் விசை, வாட்டர் ஹேமர் (ஓடும் தண்ணீர் சட்டென்று நின்று மோதுவது) போன்றவை குழாய் கொஞ்சம் இளகிக் கொடுத்தாலும் விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். இவற்றைச் சரிவு பலத்தோடுதான் ஒப்பிட வேண்டும், ஏனென்றால் ஒரே தடவையில் கதை முடியலாம். சூட்டால் வரும் நீட்சி அப்படி அல்ல. 50 மி.மீ. நகர்ந்ததும் அது அடங்கிவிடும். எல்போ லேசாக இளகினால் விசையும் குறைந்துவிடும். ஒரே தடவையில் எல்போ உடையாது, ஆனால் தினமும் நடந்தால் அலுத்துப்போய் விரிசல் விடும். அதனால் அதைச் சோர்வுக் கணக்கில் பார்க்க வேண்டும். ஏ.எஸ்.எம்.இ என்ற அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் பி31.3 குழாய் விதித்தொகுப்பு இரண்டுக்கும் தனித்தனி வரம்பு வைத்திருப்பது இதனால்தான்.

அந்தச் சோர்வுக் கணக்கு எப்படி?

மார்க்கல் என்ற பொறியாளர் 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் நிஜ எல்போக்களை இயந்திரத்தில் கட்டி, விரிசல் விட்டுத் தண்ணீர் கசியும் வரை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். அவருடைய சோதனைகளிலிருந்து வந்ததுதான் அழுத்த மிகுப்புக் காரணி, வேலை செய்பவர்கள் எஸ்.ஐ.எஃப் என்பார்கள். எல்போவின் தளத்திலேயே வளைந்தால் (அதாவது வளைவு மூடியோ திறந்தோ கொண்டால்) 0.9ஐ வளைவு எண்ணின் மூன்றில் இரண்டு அடுக்கால் வகுக்க வேண்டும். நம் உதாரணத்துக்கு 2.27. தளத்துக்கு வெளியே, பக்கவாட்டில் வளைந்தால் 0.9க்குப் பதில் 0.75, வருவது 1.89. இதை எதோடு ஒப்பிட்டு 2.27 என்கிறோம்? வழவழப்பான குழாயோடு அல்ல, சுற்று வெல்டிங் போட்ட நேர்க்குழாயோடு. மாணவர்கள் கணினியில் கணக்கிட்டு ‘எனக்கு இரண்டு மடங்கு வருதே’ என்று கேட்பதற்கு விடை இது.

இதில் மனதில் பதிய வேண்டியது, ஆயுள் அழுத்தத்தின் ஐந்தாம் அடுக்கில் குறைகிறது என்பது. அழுத்தம் இரண்டு மடங்கானால் ஆயுள் பாதியாகாது, 32இல் ஒரு பங்காகும். விதித்தொகுப்பு அடிப்படையாக எடுத்திருக்கும் 7000 சுற்று என்பது, நாளுக்கு ஒரு முறை பாய்லர் மூட்டி அணைத்தால் 19 வருடம். காலையில் மூட்டி மாலையில் அணைக்கும் ஆலைக்கு அது போதும். ஒரு நாளில் பலமுறை சூடாகிக் குளிரும் லைன் என்றால் வரம்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

விரிசல் எங்கே வரும்? நாங்கள் முதுகைத்தான் பார்க்கிறோம்.

விலாவைப் பாருங்கள். தளத்திலேயே முன்னும் பின்னும் வளையும் எல்போவில் வட்டம் முட்டையாகி மீள்வதால் அதிகம் அலுத்துப்போவது விலாதான். விரிசல் குழாயின் நீளவாக்கில் ஓடும், குழாயைச் சுற்றி அல்ல. அதோடு, உள்பக்கத்தில் தொடங்கி வெளியே வரும். வெளியே மயிரிழை போலத் தெரிந்து ஈரம் கசியும்போது வேலை முடிந்திருக்கும். வெல்டிங் கோட்டை மட்டும் டை பெனட்ரண்ட் போட்டுச் சோதித்து ‘சரியா இருக்கு’ என்று எழுதிக் கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். உள்ளே தொடங்கும் விரிசலை வெளியில் தடவும் சாயம் காட்டாது. அல்ட்ராசோனிக் சோதனைதான் வழி.

எல்போ மூடிக்கொள்ளும் பக்கம் வளைவது, திறந்துகொள்ளும் பக்கம் வளைவது: இரண்டும் ஒன்றா?

சிறு விசைக்கு ஒன்றுதான். பெரிய விசைக்கு இல்லை. மூடும்போது குழாய் மேலும் சப்பையாகி மேலும் பலம் இழக்கும். திறக்கும்போது குறுக்குவெட்டு எதிர்த் திசையில் நீண்டு, வளைவை எதிர்க்க வாகான வடிவத்துக்கு வரும். ஆக மூடும் திசைதான் ஆபத்து. எந்தத் திசை என்று தெரியாவிட்டால் மூடுவதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே மிதமான பிரஷர் இருந்தால் அது வட்டத்தைக் காப்பாற்றி மூடும் திசையில் உதவும். பிரஷர் மிக அதிகமானால் சுவரின் பலத்தை அதுவே தின்றுவிடும்.

தேய்ந்த எல்போ இன்னும் எவ்வளவு நாள் ஓடும்?

நாளைச் சொல்வதற்கு முன் தடிமனைச் சொல்லுங்கள். மேலே சொன்ன 7.11 மி.மீ. எல்போ உள்ளே தேய்ந்து எங்கும் 4 மி.மீ. ஆகிவிட்டது என்று வைத்துக் கணக்குப் போட்டேன். தடிமன் 56 சதவீதம் மிச்சம். சரிவு பலமோ 16.4இலிருந்து 6.4 கிலோநியூட்டன் மீட்டருக்கு இறங்கிவிடுகிறது, 39 சதவீதம்தான் மிச்சம். காரணம், பலம் தடிமனோடு நேராகக் குறைவதில்லை. தடிமன் குறைந்தால் வளைவு எண்ணும் குறையும், இரண்டு அடியும் சேர்ந்து விழும். ‘பாதிக்கு மேல இரும்பு இருக்கே’ என்று ஆறுதல் அடைவதற்கு இடமில்லை.

தேய்வதும் ஒரே சீராக இருக்காது. மணல் கலந்த தண்ணீர் ஓடும் குழாயில் முதுகுதான் முதலில் போகும், திரும்ப முடியாத மணல் அங்கேதான் போய் மோதுகிறது. மணவாளக்குறிச்சியில் பிரித்தெடுக்கும் இல்மனைட், ஜிர்கான், கார்னெட் போன்ற கனிம மணல்களைத் தண்ணீரோடு குழாயில் தள்ளினால் எல்போதான் முதல் பலி. சூடான சுத்தமான தண்ணீர் ஓடும் லைனில் வேறொரு நோய்: ஓட்டத்தின் வேகத்தில் உள்சுவரின் பாதுகாப்புப் படலம் கரைந்துகொண்டே போகும். 1986 டிசம்பர் 9 அன்று அமெரிக்காவின் சர்ரி அணுமின் நிலையத்தில் 18 இஞ்சு எல்போ இப்படி மெலிந்து வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாத குழாய்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு சங்கடமும் உண்டு. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் இங்கே பெய்கிறது. குளச்சல் முதல் கன்னியாகுமரி வரை உப்புக்காற்று. இன்சுலேஷன் தகடு ஒரு இடத்தில் பிளந்திருந்தாலும் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, எல்போவின் அடியில் தேங்கி, இரும்பை வெளியிலிருந்து தின்னும். மேலே பளபளவென்று அலுமினியத் தகடு இருக்கும். உள்ளே துரு அடுக்கடுக்காக உரியும். வருடம் ஒருமுறையாவது எல்போக்களின் இன்சுலேஷனைத் திறந்து அளக்க வேண்டும். முதுகில் மூன்று புள்ளி, வயிற்றில் மூன்று, ஒவ்வொரு விலாவிலும் மூன்று. அளந்ததைப் பெயின்ட்டில் குழாய் மேலேயே எழுதி வைத்தால் அடுத்த வருடம் அதே இடத்தில் அளந்து தேய்மான வேகத்தைக் கண்டுபிடிக்கலாம்.

ஹைட்ரோ டெஸ்டில் பாஸ் ஆகிவிட்டது. போதாதா?

ஹைட்ரோ டெஸ்ட், அதாவது தண்ணீர் நிரப்பிப் பிரஷர் ஏற்றிப் பார்ப்பது, ஒழுகலையும் பிரஷர் பலத்தையும் காட்டும். சூட்டால் வரும் வளைவையோ வருடக்கணக்கான சோர்வையோ காட்டாது. அவ்வளவுதான்.

குடிநீர் லைனில் எல்போ கழன்று பள்ளம் பறிக்கிறது. எல்போ உடையவில்லை. இது என்ன?

இது வேறு வகைத் தோல்வி, இங்கே எல்போவின் மேல் குற்றமில்லை. தண்ணீர் திரும்பும் இடத்தில் பிரஷர் எல்போவை முதுகுப் பக்கமாகத் தள்ளுகிறது. 300 மி.மீ. உள்விட்டம், 6 பார், 90 டிகிரி எல்போ என்றால் அந்தத் தள்ளு விசை சுமார் 6 டன். வெல்டிங் போட்ட லைன் என்றால் குழாயே அதைப் பிடித்துக்கொள்ளும். சாக்கெட்டில் ரப்பர் வளையம் போட்டுச் சொருகிய லைன் என்றால் பிடிக்க ஒன்றுமில்லை, கழன்று வரும். அதற்குத்தான் எல்போவின் முதுகில் கான்கிரீட் கட்டை போடுவது. கோதையாறு மின்நிலையங்களுக்குப் போவது போன்ற பென்ஸ்டாக் குழாய்களில் வளைவுகளைப் பெரிய கான்கிரீட் பிடிமானத்துக்குள் புதைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

கட்டையின் அளவைப் பம்பின் சாதாரண பிரஷருக்குப் போடாதீர்கள். கரண்ட் போய் பம்பு நின்று, நான்-ரிட்டர்ன் வால்வு படாரென்று மூடினால், இரும்புக் குழாயில் தண்ணீரின் வேகம் விநாடிக்கு ஒரு மீட்டர் மாறினாலே சுமார் 12 பார் கூடும். 6 பார் 18 பார் ஆகிவிடும், தள்ளு விசை 18 டன். கட்டைக்குப் பின்னால் இருப்பது நேற்று நிரப்பிய மண் என்றால் கட்டையோடு சேர்ந்து எல்லாம் நகரும்.

இந்தத் தள்ளு விசையைக் கணக்கிடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ ரசாயன ஆலை சாட்சி. ஒரு ரியாக்டரைக் கழற்றிவிட்டு, இடைவெளியை 20 இஞ்சு குழாயைச் சாய்வாக வெட்டி ஒட்டி இணைத்தார்கள், இரண்டு முனையிலும் பெல்லோஸ் (நீண்டு சுருங்கும் மடிப்பு இணைப்பு). அதற்கு இருந்த ஒரே வரைபடம் பட்டறைத் தரையில் சாக்பீஸால் போட்டதுதான். 1974 ஜூன் 1 அன்று அது பிய்ந்து, வெடித்து, 28 பேர் இறந்தார்கள். உள்ளூர்ப் பட்டறையில் ‘எல்போ கிடைக்கல, வெட்டி ஒட்டித் தர்றேன்’ என்று சொன்னால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். வெட்டி ஒட்டிய மைட்டர் வளைவு எல்போவுக்குச் சமம் அல்ல. ஒட்டிய கோட்டிலேயே அழுத்தம் குவியும்.

எல்போ வாங்காமல் குழாயையே வளைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. நல்ல எந்திரத்தில், பெரிய ஆரத்தில் வளைத்தால் இரண்டு வெல்டிங் மிச்சம். ஆனால் முதுகு மெலியும். வளைவு ஆரம் விட்டத்தைப்போல் 3 மடங்கு என்றால் சுமார் 14 சதவீதம், 5 மடங்கு என்றால் 9 சதவீதம். அதற்கேற்ப அதிகத் தடிமனுள்ள குழாயை எடுக்க வேண்டும். வளைத்த பிறகு பெரிய விட்டத்துக்கும் சிறிய விட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காலிப்பரில் அளங்கள். உள்ளே பிரஷர் உள்ள குழாய்க்கு பி31.3 அனுமதிப்பது 8 சதவீதம், வெளியிலிருந்து பிரஷர் வரும் குழாய்க்கு 3. வயிற்றில் சுருக்கம் விழுந்திருந்தால் வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

ஃபைனைட் எலிமென்ட் செய்தால் சரியான விடை கிடைக்குமா? ஏ.ஐ.யிடம் கேட்கலாமா?

புராஜெக்ட் செய்யும் மாணவர்களுக்காக விரிவாகச் சொல்கிறேன். ஃபைனைட் எலிமென்ட் என்பது குழாயைச் சிறு சிறு துண்டாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடும் முறை. நான்கு விஷயம் சரியாக இருந்தால் அதன் விடை சோதனைக்கு மிக அருகில் வரும். பெரிய உருமாற்றத்தைக் கணக்கில் எடுக்கும் வசதியை இயக்க வேண்டும், இல்லாவிட்டால் மூடுவதும் திறப்பதும் ஒரே விடை தரும். எஃகின் நிஜமான இழுவை வளைகோட்டைக் கொடுக்க வேண்டும். எல்போவை மட்டும் வெட்டி எடுக்காமல் இரண்டு பக்கமும் விட்டத்தைப்போல் ஐந்து மடங்கு நேர்க்குழாய் சேர்க்க வேண்டும். அளந்த தடிமனைப் போட வேண்டும், கேட்டலாக் தடிமனை அல்ல.

பிறகு செங்குத்து அச்சில் விசையையும் கிடை அச்சில் திருப்பத்தையும் வைத்து வரைபடம் போட்டு, ஆரம்ப நேர்கோட்டின் சாய்வில் பாதிச் சாய்வோடு ஒரு கோடு வரைந்து, அது வளைகோட்டை வெட்டும் இடத்தைச் சரிவு பலம் என்று எடுப்பது வழக்கம். கிடைத்த விடையை மேலே சொன்ன 0.37 பங்கோடு ஒப்பிடுங்கள். மூன்று மடங்கு வித்தியாசம் வந்தால் தப்பு உங்கள் மாடலில் இருக்கிறது.

ஏ.ஐ., நியூரல் நெட்வொர்க் எல்லாம் தனக்குக் கற்பித்த எல்லைக்குள் நன்றாகச் சொல்லும். வளைவு எண் 0.2 முதல் 0.5 வரை உள்ள எல்போக்களைக் கொண்டு பயிற்றிய மாடலிடம் 0.1 எல்போவைக் கொடுத்தால் அதுவும் தயங்காமல் ஒரு எண் சொல்லும். அந்தத் தயக்கமின்மையை நம்பாதீர்கள்.

வீட்டு பி.வி.சி. எல்போவுக்கும் இதே வாய்பாடா?

இல்லை. பி.வி.சி. காலப்போக்கில் மெல்ல இளகும், வெயிலில் நொறுங்கும். சரிவு வாய்பாடுகள் எஃகுக்கானவை. மொட்டை மாடியில் குழாயைத் தாங்கு வைத்துக் கட்டுங்கள், பெயின்ட் அடித்து வெயிலை மறையுங்கள், போதும்.

என்னிடம் கணக்குக் கேட்டு வருபவர்கள் எதை எடுத்து வர வேண்டும்?

ஒவ்வொரு எல்போவிலும் மேலே சொன்ன பன்னிரண்டு இடத்துத் தடிமன். குழாயின் வெளிவிட்டம், வளைவு ஆரம். எங்கெங்கே தாங்கு, எங்கே இறுக்கக் கட்டு, எங்கே நகர விட்டிருக்கிறது என்று கையால் போட்ட படம். ஓடும்போது உள்ள பிரஷர், வெப்பம், ஒரு நாளில் எத்தனை முறை நிறுத்தி ஓட்டுகிறீர்கள் என்ற விவரம். ஸ்டீம் லைன் 3.5 கிலோ பிரஷருக்கு மேல் என்றால் ஐ.பி.ஆர் என்ற இந்திய பாய்லர் விதிமுறைகளுக்குள் வரும், அந்தச் சான்றிதழ்களின் நகலும் வேண்டும். போட்டோ எடுத்தால் எல்போவின் விலாவும் தெரிகிற மாதிரி, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள்.